பாரம் தூக்கும்போது தோள்பட்டை எலும்பு: இழுத்துப் பிடிப்பதா, போகவிடுவதா?

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு முதல் வாரமே ஒரு கட்டளை வந்துவிடும்: "தோளைக் கீழே இறக்கு, பின்னால் இழு, அப்படியே லாக் பண்ணு." அதே ஆள் தோள் வலி என்று பிசியோதெரபிஸ்டிடம் போனால் அங்கே பேச்சு வேறு மாதிரி இருக்கும்: "கையைத் தூக்கும்போது தோள்பட்டையைப் பிடித்து வைக்காதீர்கள், அதுவும் சேர்ந்து சுழலட்டும்." இரண்டையும் கேட்டவர் யாரை நம்புவது என்று குழம்பித்தான் போவார்.

இரண்டுமே சரியான அறிவுரைகள்தான். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலைகளுக்கானவை. ஒரு வேலைக்குச் சொன்னதை எல்லா வேலைக்கும் பொருத்துவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இது விளங்க வேண்டுமானால், கையில் பாரம் ஏறும்போது தோள்பட்டை எலும்புக்கு என்ன வேலை வருகிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

விலா எலும்போடு ஒட்டாத எலும்பு

தோள்பட்டை என்று பேச்சில் சொல்லும்போது கழுத்துக்கும் கைக்கும் நடுவே உள்ள இடம் முழுவதையும் சொல்லிவிடுகிறோம். இங்கே தோள்பட்டை எலும்பு என்பது மேல்முதுகில், விலா எலும்புகளின் மேல் படுத்திருக்கும் முக்கோண வடிவத் தட்டெலும்பை மட்டும் குறிக்கிறது. ஆட்டுக்கறி வாங்குகிறவர்கள் முன்னங்கால் பகுதியோடு வரும் அகலமான தட்டை எலும்பைப் பார்த்திருப்பார்கள், அதே எலும்புதான். நமக்கு அது ஏறத்தாழ 2ஆம் விலாவிலிருந்து 7ஆம் விலா வரை பரவியிருக்கிறது.

இந்த எலும்புக்கும் விலாக்கூட்டுக்கும் நடுவே மூட்டு கிடையாது. இடையில் இருப்பது தசை மட்டும். அதன் மேல் எலும்பு வழுக்கிக்கொண்டு நகர்கிறது. உடம்போடு அதை எலும்பு வழியாகச் சேர்த்து வைப்பது காறை எலும்பு ஒன்றுதான். அதன் ஒரு முனை தோள்பட்டை எலும்பின் உச்சியிலும் மறுமுனை நெஞ்செலும்பிலும் சேர்கிறது. ஆக, கை முழுவதற்கும் உடம்புக்கும் உள்ள எலும்புத் தொடர்பு விரல் தடிமனுள்ள இந்த ஒரு குச்சி. மற்றபடி தோள்பட்டை எலும்பை அதன் இடத்தில் நிறுத்துவதும் நகர்த்துவதும் அதில் வந்து சேரும் 17 தசைகளின் பொறுப்பு.

அந்த எலும்பின் வெளிமூலையில் ஆழமில்லாத ஒரு சிறு குழி இருக்கிறது. மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை அதில்தான் உட்கார்ந்து சுழல்கிறது. பந்து பெரியது, குழி சிறியது. எந்த நிலையிலும் பந்தின் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

பள்ளி விளையாட்டு விழாவில் எலுமிச்சை கரண்டி ஓட்டம் ஓடியிருப்போம். பழம் விழாமல் இருக்க வேண்டுமானால் கரண்டியை அசையாமல் பிடித்தால் போதாது. பழம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்பக் கரண்டியைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். தோளில் கரண்டியின் இடத்தில் இருப்பது தோள்பட்டை எலும்பு. கை எந்தப் பக்கம் போனாலும் குழியின் முகம் பந்துக்கு அடியில் இருக்கும்படி அது திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

கையோடு சேர்ந்து சுழலும் கணக்கு

கையைத் தொடையோரத்திலிருந்து தலைக்கு மேல் வரை கொண்டுபோனால் மொத்தம் ஏறக்குறைய 180 பாகை. பந்து மூட்டு மட்டும் அதைத் தருவதில்லை. பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934இல் வெளியிட்ட தன் நூலில், கையும் தோள்பட்டை எலும்பும் ஒன்றோடொன்று இசைந்து நகர்வதற்கு 'தாளம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். பத்து ஆண்டு கழித்து, 1944இல், வெர்ன் இன்மன், சாண்டர்ஸ், அபட் மூவரும் அந்தத் தாளத்துக்கு ஒரு எண் கொடுத்தார்கள்: 2:1. அதாவது பந்து மூட்டில் 2 பாகை சுழன்றால் தோள்பட்டை எலும்பு 1 பாகை சுழல்கிறது. 180இல் 120 பந்து மூட்டுக்கு, 60 தோள்பட்டை எலும்புக்கு. தொடக்கத்தில், பக்கவாட்டில் தூக்கினால் முதல் 30 பாகை வரை, இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் அவர்களே சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டத்தில் எலும்பு தனக்கான இருக்கையைத் தேடிக்கொள்கிறது. அது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

சுழல்வது ஒரே திசையில் அல்ல. 2001இல் பிலிப் மெக்ளூர் குழுவினர் 8 பேருடைய தோள்பட்டை எலும்பில் நேரடியாக ஊசிகளைப் பொருத்தி, அவற்றில் உணர்கருவிகளை இணைத்து அளந்தார்கள். தோலின் மேல் ஒட்டி அளப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் தோல் ஒரு பக்கம் போக எலும்பு இன்னொரு பக்கம் போகும். கையைத் தூக்கும்போது மூன்று அசைவுகள் சேர்ந்து நடப்பதை அவர்கள் கண்டார்கள்:

1. மேல்நோக்கிச் சுழற்சி, சராசரியாக 50 பாகை. குழி வானத்தைப் பார்க்கத் திரும்பும். எலும்பின் கீழ்நுனி அக்குள் பக்கமாக வெளியே போகும்.
2. பின்சாய்வு, சுமார் 30 பாகை. எலும்பின் மேல்பகுதி பின்னால் சாய, கீழ்நுனி விலாவோடு ஒட்டும்.
3. வெளிநோக்கித் திரும்புதல், சுமார் 24 பாகை.

வீட்டில் ஒருவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, எலும்பின் கீழ்நுனியில் உங்கள் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னால் முதல் அசைவு நன்றாகவே தெரியும். நுனி கட்டைவிரலை விட்டு நழுவி அக்குளை நோக்கிப் போய்விடும்.

ஐந்து கிலோ 130 கிலோ ஆவது எப்படி

பாரத்தின் கதைக்கு வருவோம். தோளுக்குச் சுமையாவது பொருளின் எடை மட்டுமல்ல. அந்த எடை தோளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன்.

60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை, அவர் எடையில் 5 சதவீதம், அதாவது 3 கிலோ இருக்கும். கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டினால் அந்த எடையின் மையம் தோளிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. கையில் 5 கிலோ அரிசிப் பை இருந்தால் அது சுமார் 60 செ.மீ. தள்ளி. இப்போது கணக்கு:

1. கையின் பங்கு: 3 × 30 = 90.
2. பையின் பங்கு: 5 × 60 = 300.
3. இரண்டும் சேர்த்து 390.
4. இதைத் தாங்க வேண்டிய டெல்டாய்டு (தோளின் வெளிப்பக்கத்தை மூடியிருக்கும் தசை) முதலான தசைகள் மூட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 3 செ.மீ. தூரத்தில்தான் இழுக்கின்றன. 390ஐ 3ஆல் வகுத்தால் 130.

ஐந்து கிலோ பையை நீட்டிப் பிடிக்கத் தசைகள் 130 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. வெறுங்கைக்கே 30 கிலோ. முழங்கையை மடக்கிப் பையை 30 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால், கையின் எடை மையமும் தோளுக்கு நெருங்கிவிடுவதால், அந்த 130, ஏறக்குறைய 70 ஆகக் குறைந்துவிடும். இது தோராயக் கணக்குதான், ஆனாலும் கற்பனையல்ல. பெர்லினில் ஆய்வாளர்கள் செயற்கைத் தோள் மூட்டுக்குள்ளேயே விசையை அளக்கும் கருவியைப் பொருத்தி, அதை வைத்துக்கொண்டு வாழும் நோயாளிகளிடமே அளந்து பார்த்தார்கள். கையை நீட்டிச் சிறு எடையைத் தூக்கும்போதே மூட்டில் பதிவான விசை உடல் எடையைத் தாண்டியது.

பலர் கவனிக்காத அடுத்த கட்டம் ஒன்று இருக்கிறது. டெல்டாய்டு தசையின் ஒரு முனை கையில் இருக்கிறது. மறுமுனை எங்கே இருக்கிறது? பெரும்பகுதி தோள்பட்டை எலும்பின் உச்சியில். ஒரு தசை சுருங்கும்போது இரண்டு முனைகளையும் சமமாகத்தான் இழுக்கும். படகில் நின்றுகொண்டு கரையிலிருக்கும் மரத்தில் கட்டிய கயிற்றை இழுத்தால் மரம் வராது, படகுதான் போகும். தோள்பட்டை எலும்பை யாரும் பிடித்து நிறுத்தாவிட்டால் டெல்டாய்டின் இழுப்பில் கை மேலே போவதற்குப் பதிலாக எலும்பின் உச்சி கீழே சரியும். குழியும் கூடவே தரையைப் பார்க்கத் திரும்பிவிடும். பாரம் ஏற ஏற இந்த இழுப்பும் ஏறும்.

அதைத் தடுத்து, எதிர்த்திசையில் சுழற்றியும் கொடுக்கும் வேலை முக்கியமாக இரண்டு தசைகளுடையது. ஒன்று ட்ரபீசியஸ்: கழுத்திலிருந்து நடுமுதுகு வரை பரவிய பெரிய தசை. அதன் மேல்பகுதி காறை எலும்பின் வெளிமுனையைத் தூக்கும். கீழ்ப்பகுதி தோள்பட்டை எலும்பின் உள்பக்கத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும். இன்னொன்று செரேட்டஸ் ஆன்டீரியர்: பக்கவாட்டு விலாக்களிலிருந்து ரம்பப் பல் போலக் கிளம்பி, எலும்பின் உள்விளிம்பில் போய்ச் சேரும் தசை. எலும்பின் கீழ்நுனியை முன்னால் இழுப்பதும் உள்விளிம்பை விலாவோடு அழுத்தி வைப்பதும் இதுதான். ஸ்டீயரிங்கை இரண்டு கைகளால் திருப்பும்போது ஒரு கை மேலே போக மறுகை கீழே வருகிறதே, அதுபோல இந்தத் தசைகள் வெவ்வேறு திசையில் இழுத்து எலும்பை ஒரே சுழற்சியில் திருப்புகின்றன. அதே நேரத்தில் ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறு தசைகள் பந்தைக் குழியோடு அழுத்தி வைக்கின்றன.

பாரத்தோடு தூக்கினால் 2:1 என்ன ஆகிறது

இதில் மிகவும் எடுத்துச்சொல்லப்படும் ஆய்வுகளில் ஒன்றை மெக்குவேட், ஸ்மிட் இருவரும் 1998இல் வெளியிட்டார்கள். ஒரே அசைவை மூன்று விதமாகச் செய்ய வைத்தார்கள்: கையைத் தளர்த்திவிட்டு வேறொருவர் தூக்குவது, சிறு பாரத்தோடு தானே தூக்குவது, முழு பலத்தையும் கேட்கும் எதிர்ப்போடு தூக்குவது.

- வேறொருவர் தூக்கும்போது விகிதம் தொடக்கத்தில் 7.9:1, முடிவில் 2.1:1.
- சிறு பாரத்தில் 3.1:1இல் தொடங்கி 4.3:1.
- முழு எதிர்ப்பில் 1.9:1இல் தொடங்கி 4.5:1.

முதல் வரியைப் பாருங்கள். தசைக்கு வேலை இல்லாதபோது முதலில் கை மட்டும்தான் போகிறது; தோள்பட்டை எலும்பு கடைசியில்தான் கூடச் சேர்கிறது. பாரம் ஏறியதும் இது தலைகீழாகிறது. எலும்பு முதல் பாகையிலிருந்தே கையோடு சேர்ந்துகொள்கிறது. தன் சுழற்சியின் பெரும்பங்கைச் சீக்கிரமே முடித்துவிடுவதால் மேலே போகப்போக அதன் பங்கு குறைகிறது. கரண்டி, பழம் ஆடத் தொடங்கும் முன்பே திரும்பிக்கொள்வது போல.

எல்லா ஆய்வுகளும் இப்படிச் சொல்லிவிடவில்லை. 1990களில் ஐரோப்பாவில் நடந்த சில அளவீடுகளில், கையில் எடை பிடித்தாலும் எலும்பின் பாதை பெரிதாக மாறவில்லை. முரணாகத் தெரிந்தாலும் இதற்குக் காரணங்கள் உண்டு. பயன்படுத்திய எடை ஓரிரு கிலோவா, முழு பலமா என்பது ஒன்று. தூக்கிய வேகம், தூக்கிய திசை, தோலின் மேல் அளந்தார்களா எலும்பிலேயே அளந்தார்களா என்பவையும் சேரும். என் பார்வையில் இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சேதி ஒன்றுதான்: சிறு பாரத்தில் ஆரோக்கியமான தோள் தன் பாதையை ஏறக்குறைய அப்படியே காப்பாற்றிக்கொள்கிறது, அதைக் காப்பாற்றத் தசைகள் செலவிடும் உழைப்புதான் ஏறுகிறது. பாரம் எல்லையை நெருங்கும்போது பாதையும் மாறுகிறது. அதனால் 2:1 என்பதை எல்லோரும் எட்ட வேண்டிய அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு சராசரி, அவ்வளவுதான்.

அப்புறம், களைப்பு. பந்து மூட்டைச் சுற்றிய தசைகள் சோர்ந்தபின் தோள்பட்டை எலும்பு வழக்கத்தைவிட அதிகமாக மேல்நோக்கிச் சுழல்வதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. கை செய்ய முடியாததை எலும்பு ஈடு செய்கிறது. மூட்டை இறக்குகிறவர், மேல்கூரைக்கு வண்ணம் அடிக்கிறவர், சுவரில் பூச்சு வேலை செய்கிறவர் சாயங்காலம் தோளைக் காதுவரை தூக்கித் தூக்கி வேலை செய்வதைப் பார்க்கலாம். அதைச் சோம்பல் என்றோ தவறான பழக்கம் என்றோ திட்டுவது நியாயமில்லை. உடம்பு வேலையை முடிக்கக் கண்டுபிடித்த வழி அது. ஓய்வு வேண்டும் என்பதற்கான அறிகுறியும் அதுவே.

கீழே தொங்கும் பாரம் வேறு கதை

தண்ணீர் வாளியைக் கையில் தொங்கவிட்டு நடக்கும்போது பாரம் தோளுக்கு நேர் கீழே இருக்கிறது. பக்கவாட்டுத் தூரம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் கையைத் திருப்பும் விசையும் இல்லை. ஆனால் பந்து குழியிலிருந்து கீழே நழுவப் பார்க்கும். டெல்டாய்டு இதைத் தடுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கனடாவில் ஜான் பாஸ்மாஜியன், பஸான்ட் இருவரும் 1959இல் தசைகளின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, கனமான பாரம் தொங்கினாலும் டெல்டாய்டு பெரும்பாலும் சும்மாதான் இருந்தது. பந்தைத் தாங்கியவை மூட்டின் மேல்பக்க உறையும் அதற்கு மேலே ஓடும் சூப்பராஸ்பைனேட்டஸ் என்ற சிறு தசையும். குழி லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், பந்து இறங்க வேண்டுமானால் வெளியே தள்ளிப் போக வேண்டும். அப்போது அந்த உறை இறுகிப் பிடித்துக்கொள்கிறது.

இந்தப் பிடிப்பு முழுவதும் குழியின் சாய்வை நம்பியிருக்கிறது. தோள் தொய்ந்து எலும்பு கீழ்நோக்கித் திரும்பினால் சாய்வு போய்விடும், பிடிப்பும் தளரும். ஆகவே வாளியோ சிலிண்டரோ தூக்கும்போது "தோளைக் கீழே இறக்கு" என்ற அறிவுரை உதவாது. பாரம் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

தலைக்கு மேல் நிற்கும் பாரம்

வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் முறையில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தூக்குவது) 149 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்திக் காட்டினார், தங்கமும் வென்றார். அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பக்கவாட்டில் நீட்டி வைத்திருப்பது யாருக்கும் பெரும்பாடு. வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் தூக்கிய எடைக்கம்பி தோளுக்கு நேர் மேலே வந்துவிட்டால் பக்கவாட்டுத் தூரம் கிட்டத்தட்ட பூஜ்யம். பாரம் பந்தின் வழியாகக் குழிக்குள் நேராக இறங்குகிறது. குழி மேலே பார்த்திருந்தால்தான் அப்படி இறங்கும். அதற்கு எலும்பு முழுதாகச் சுழன்றிருக்க வேண்டும். தோளைக் கீழே இழுத்து 'லாக்' செய்துகொண்டு இதைச் செய்தால் குழி பக்கவாட்டைத்தான் பார்க்கும். சுமை முழுவதும் சிறு தசைகளின் தலையில் விழும். பளுதூக்கும் பயிற்சியாளர்கள் கடைசிக் கட்டத்தில் "மேலே தள்ளு, தோளையும் சேர்த்து" என்று கத்துவது இதனால்தான்.

எந்த வேலைக்கு எந்த அறிவுரை

1. பெஞ்ச் பிரஸ் (பலகையில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது): இழுத்துப் பிடிப்பது பொருந்தும். முதுகு பலகையில் அழுந்தியிருப்பதால் எலும்பு தாராளமாக நகர வழியில்லை. கையும் தோள் உயரத்தைத் தாண்டிப் போவதில்லை. உறுதியான தளம்தான் அங்கே தேவை.
2. தலைக்கு மேல் தள்ளுவது, பரணில் டப்பா ஏற்றுவது: போகவிட வேண்டும்.
3. புஷ்-அப்: கீழே இறங்கும்போது எலும்புகள் நெருங்கட்டும், மேலே வரும்போது விலகட்டும். செரேட்டஸ் தசைக்கு இது நல்ல பயிற்சி.
4. கையைத் தூக்கும் எந்த வேலையிலும் நேர் பக்கவாட்டைவிட 30 பாகை அளவு முன்னால் தள்ளித் தூக்குவது இலகு. தோள்பட்டை எலும்பு இயல்பாகவே அந்தத் திசையைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறது.
5. இறக்கும்போது அவசரம் வேண்டாம். தூக்கும்போது ஒழுங்காக இருந்த எலும்பு இறக்கும்போது துள்ளிக் கிளம்புவது அடிக்கடி காணக்கூடியது.

அசைவு பிசகினால்

தாளம் தவறிய அசைவைக் கண்டுபிடிக்க 2009இல் மெக்ளூர் குழுவினர் வெளியிட்ட ஒரு சோதனை இன்றும் பயன்படுகிறது. 68 கிலோவுக்குக் குறைவானவர் 1.4 கிலோவும், அதற்கு மேற்பட்டவர் 2.3 கிலோவும் கையில் பிடித்து, முன்பக்கமாக ஐந்து முறை, பக்கவாட்டில் ஐந்து முறை தூக்கி இறக்க வேண்டும். சோதிப்பவர் பின்னால் நின்று பார்ப்பார். வெறுங்கையில் ஒளிந்துகொள்ளும் குறை சிறு பாரத்தில் வெளியே வரும் என்பதே இதன் அடிப்படை.

ஆனால் குறை தெரிந்த உடனே பயப்பட வேண்டியதில்லை. வலியே இல்லாத பலரிடமும், குறிப்பாகப் பந்து எறியும் விளையாட்டு வீரர்களிடம், இப்படிப்பட்ட அசைவு சகஜமாகக் காணப்படுகிறது. எலும்பு உரசுவதுதான் வலிக்குக் காரணம் என்ற பழைய விளக்கமும் ஆட்டம் கண்டுவிட்டது. தோள் உச்சியில் எலும்பைச் செதுக்கி இடம் உண்டாக்கும் அறுவையைப் பிரிட்டனிலும் பின்லாந்திலும் போலி அறுவையோடு ஒப்பிட்டு, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள்; செதுக்கியதால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை. அதனால் பெரும்பாலான தோள் வலிக்கு முதல் வழி, பாரத்தைக் குறைத்துத் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றும் உடற்பயிற்சிதான்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை ஒன்று உண்டு. சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளும்போது ஒரு பக்கத்து எலும்பின் உள்விளிம்பு இறக்கை போலப் பிதுங்கி நின்றால், செரேட்டஸ் தசைக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். கனமான முதுகுப்பையைப் பல மணிநேரம் சுமந்தவர்களுக்கும் இது வருவதுண்டு. இந்த நரம்பு பெரும்பாலும் தானாகவே மீளும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஓரிரு ஆண்டுகள்கூட. அது மீளும்வரை குழியை மேலே திருப்பிக் கொடுக்க அந்தத் தோளில் ஆள் இல்லை என்பதால், தலைக்கு மேல் எந்தப் பாரத்தையும் அந்தக் கையால் ஏற்றக் கூடாது.